பத்து நிமிஷம்!

எங்கள் ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயர் ‘பத்து நிமிஷம்’. பாத்ரூமுக்குள் போனால் வெளியே வர அவ்வளவு நேரம். “சுகரா தம்பி?” என்றார் அக்கவுண்ட்ஸ் சீனியர். திருட்டு தம் என்றது எதிர் சீட். ஒருத்தன் லவ் என்றான். பாத்ரூமில் என்னய்யா லவ்!

விஷயம் இதுதான். 2022-ல் பைக்கிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. கால்கள் பிழைத்துக்கொண்டன. சிறுநீர்ப்பைக்குப் போகிற நரம்புகள் பிழைக்கவில்லை. பை நிரம்பும், தானாகக் காலியாகாது. தினம் ஐந்து தடவை நானே கதீட்டர் ட்யூப் விட்டு எடுக்க வேண்டும். கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டால் நோயாளியே செய்துகொள்ளலாம் என்று 1972-ல் அமெரிக்க டாக்டர் ஜாக் லாபிடஸ் எழுதிவைத்த முறை. மகராசன்!

சாதா ட்யூப் என்றால் ஜெல்லி தடவணும். வீட்டில் பிரச்னையில்லை. ஆபீஸில்? ஒரு கையில் ட்யூப், இன்னொரு கையில் ஜெல்லி, அதன் மூடி வாயில். அந்த நேரம் பார்த்து எவனாவது கதவைத் தட்டுவான். “இருக்கேன்” என்று சொல்ல வாய் காலியில்லை. வெறுத்துப்போய் மதியம் எடுப்பதையே விட்டேன். தண்ணீர் குடிப்பதையும் குறைத்தேன். மூன்றாவது வாரம் குளிர் ஜுரம், யூரின் இன்ஃபெக்‌ஷன். “கிட்னி வரைக்கும் போனா என்னப்பா பண்ணுவே?” என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் பயந்தேன்.

அவர் சொன்னதுதான் ஹைட்ரோஃபிலிக். ட்யூப் மேலேயே ஒரு பூச்சு. தண்ணீர் பட்டால் உறிஞ்சிக்கொண்டு விரால் மீன் மாதிரி வழுக்கும். ஜெல்லி வேண்டாம். ஒரு ரகத்தில் பாக்கெட்டுக்குள்ளேயே தண்ணீர்ப் பை. அமுக்கி உடைத்து அரை நிமிஷம் காத்திருக்கணும். இன்னொரு ரகம் முதலிலேயே நனைந்து வரும், பிரித்த கையோடு உபயோகிக்கலாம். விரல் படாமல் பிடிக்க உறை வைத்ததும் உண்டு. எனக்கு அதுதான் பிடித்தது. ஆபீஸ் பாத்ரூம் தாழ்ப்பாளைத் தொட்ட கையாயிற்றே!

சைஸ் 14. அதை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் கனம் வரும். ஆண்களுக்கு 40 சென்டிமீட்டர் நீளம். இவ்வளவு படித்துப்போயும் மெடிக்கல் ஷாப் பையன் பலூன் வைத்த ட்யூபை நீட்டினான். அது உள்ளேயே வைத்துவிடுகிற சமாசாரம். நல்லவேளை, பிரிப்பதற்கு முன் பார்த்தேன்.

விலைதான் இடித்தது. ஒரு தடவைக்கு ஒன்று, கழுவி வைத்துக்கொள்ள முடியாது. மாசம் 150 வாங்கினால் சம்பளம் ட்யூபுக்கே சரி. டாக்டரிடமே கேட்டேன். ஆபீஸில் இரண்டு தடவை ஹைட்ரோஃபிலிக், வீட்டில் சாதாவும் ஜெல்லியும் என்று முடிவு. வேலை நாள் 22, ஆக 44.

இப்போது நாலு நிமிஷம்தான். சீனியரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டார். மறுவாரம் பாத்ரூம் கதவில் புதுத் தாழ்ப்பாள், பக்கத்தில் சின்ன ஷெல்ஃப்.

“எதுக்கும் ஒரு தடவை சுகரும் பார்த்துடு தம்பி” என்றார்.