மிஸ்டு காலும் ஒரு மெசேஜ்தான்

நம்ம மக்களுக்கு வாய்ஸ்மெயில் ஏன் ஒத்துக்கிறதில்லைன்னு பலதடவை யோசிச்சிருக்கேன். எதிர்முனையில 'ம்' கொட்ட ஒரு ஆள் இல்லேன்னா நமக்குப் பேச்சே வராது. பீப் சத்தம் கேட்டதும் வெச்சுடுவோம். ஆபீஸ் போன் சர்வர்ல வாய்ஸ்மெயிலைச் சேர்க்கும்போது நிஜமான சவாலே இதுதான்.

கோவைப் பக்கம் மாமா பம்ப்செட் சர்வீஸ் கடை வெச்சிருக்கார். அங்க போன் சர்வரா ஓடுறது ஆஸ்டரிஸ்க். (1999ல மார்க் ஸ்பென்சர்னு ஒரு அமெரிக்க மாணவர், தன்னோட சின்ன கம்பெனிக்கு போன் சிஸ்டம் வாங்கக் கட்டுப்படியாகாம, தானே எழுதிக்கிட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே பொறந்தது!)

"மாப்ளே, ராத்திரி காயில் எரிஞ்சுபோச்சுன்னு கூப்புடறவங்க, யாரும் எடுக்கலைன்னா விடிஞ்சதும் வேற கடைக்குப் போயிடறாங்க. ஏதாச்சும் பண்ணு"ன்னார் மாமா. அவருக்கு அது ஒரு வேலை போச்சு. கூப்பிட்டவருக்கோ தண்ணி கட்ட வேண்டிய பயிர் வாடுது.

டெக்னிக்கலா பார்த்தா பெரிய வேலை இல்லை. வாய்ஸ்மெயில்.கான்ஃப் கோப்புல பெட்டி எண், ரகசிய எண், பேர், மெயில் முகவரி. 'அட்டாச்=எஸ்'னு போட்டா பதிவான குரல் மெயில்லயே வந்துடும். எக்ஸ்டென்ஷன்ஸ்.கான்ஃப்ல டயல் கட்டளைக்கு 20 நொடி குடுத்து, அடுத்த வரியில வாய்ஸ்மெயில் கட்டளை. லைன் பிஸியா, யாரும் எடுக்கலையா, போனே இணைப்புல இல்லையான்னு டயல்ஸ்டேட்டஸ்ங்கிற மாறியைப் பார்த்தா தெரியும். அதுக்கேத்த மாதிரி வேற வேற வாழ்த்து ஒலிக்க விடலாம். போனோட அமைப்புல பெட்டி எண்ணைக் குறிச்சுட்டா, புது மெசேஜ் வந்ததும் சர்வர் ஒரு நோட்டிஃபை அனுப்பும், போன்ல சிவப்பு விளக்கு எரியும்.

முதல் வாரம் அந்த விளக்கு எரியவே இல்லை. ஆனா சிடிஆர் பதிவைப் பார்த்தா ராத்திரியெல்லாம் அழைப்பு வந்திருக்கு, அத்தனை பேரும் வாழ்த்து முடியறதுக்குள்ள வெச்சிருக்காங்க. பின்ன? மென்பொருளோடவே வர்ற ரெடிமேட் குரல்ல ஒரு வெள்ளைக்காரம்மா இங்கிலீஷ்ல எண் வாசிச்சா, வயல்ல நின்னுட்டு இருக்குற மனுஷன் என்ன பண்ணுவார்?

கடையில பகல்ல போன் எடுக்குற அக்காவையே பேசச் சொல்லிப் பதிவு பண்ணினோம். "வணக்கமுங்க. கடை சாத்திட்டோமுங்க. உங்க பேரென்னங்க, எந்த ஊருங்க, மோட்டார் எத்தனை ஹெச்.பி.ங்க? சொல்லுங்க, காலைல ஏழு மணிக்கு நாங்களே கூப்புடறோமுங்க." கவனிச்சீங்களா, 'மெசேஜ் விடுங்க'ன்னு எங்கயும் சொல்லலை. மெசேஜ் விடத்தான் நமக்குக் கூச்சம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எந்தக் கூச்சமும் கிடையாது. வாழ்த்துக்கப்புறம் வர்ற இங்கிலீஷ் விளக்கத்தை, வாய்ஸ்மெயில் கட்டளையில 'எஸ்'ங்கிற எழுத்தைச் சேர்த்து நிறுத்தியாச்சு. 'ஆபரேட்டர்=எஸ்'னு வெச்சு, பூஜ்யம் அமுக்கினா மாமாவோட மொபைலுக்குப் போற மாதிரி 'ஓ'ங்கிற எக்ஸ்டென்ஷனையும் எழுதியாச்சு. அவசரம்னா மனுஷக் குரல் கிடைக்கணும் இல்லையா?

அப்புறம் விளக்கு எரிய ஆரம்பிச்சுது. பாதி மெசேஜ்ல முதல் அஞ்சு நொடி "அலோ... அலோ... ஏனுங்"தான். பரவாயில்லை, அதுக்கப்புறம் விஷயம் வந்துடுது.

அப்படியும் பேசாம வெக்கிறவங்க உண்டு. மிஸ்டு கால் குடுத்துட்டு, திருப்பிக் கூப்புடுவாங்கன்னு காத்திருக்குறது நமக்கு ஊறிப்போன பழக்கமாச்சே! வாய்ஸ்மெயில் வரைக்கும் வந்து, ஒண்ணும் பேசாமப் போன எண்களை சிடிஆர்ல இருந்து பொறுக்கி, காலைல ஆறு மணிக்கு மெயில் அனுப்ப ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதினேன். அக்கா வந்ததும் முதல்ல மெசேஜ் விட்டவங்களைக் கூப்புடறாங்க, அடுத்து இந்தப் பட்டியல். "ராத்திரி கூப்புட்டீங்களாங்க?"ன்னு கேட்டா போதும், அந்தப் பக்கம் மடை திறந்த மாதிரி பேச்சு கொட்டுதாம்.

டிஸ்கி: இதைச் செஞ்சு பார்க்கப் போறவங்க, பெட்டியோட ரகசிய எண்ணை எக்ஸ்டென்ஷன் எண்ணாவே வெச்சுடாதீங்க சாமிகளா. திருட்டுப் பசங்க முதல்ல தட்டிப் பாக்குறது அதைத்தான்.