எந்த எல்.எஸ்.டி.?

முன்சில்லுகளால் இயங்கும் காருக்கு எல்.எஸ்.டி. தெரிவுசெய்வதில் ஒரு சிக்கல் உண்டு. காரை இழுப்பதும் அதே சில்லுகள். திருப்புவதும் அதே சில்லுகள். ஆகவே டிபரன்ஷல் செய்வதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரிந்துவிடும்.

சாதாரண டிபரன்ஷல் இரு சில்லுகளுக்கும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். வேகமாகத் திரும்பும்போது பாரம் குறைந்த உட்புறச் சில்லு வழுக்கினால், பிடிப்புள்ள மறுசில்லுக்கும் அந்த அற்ப விசைதான் கிட்டும். அக்குறையைத் தீர்க்க வந்ததே எல்.எஸ்.டி.

கண்டியில் வசிக்கும் என் மருமகன் தன் பழைய ஹொண்டா சிவிக்குக்கு ஒன்று பொருத்த விரும்புகிறான். நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஒருமுறையாவது ஓடவேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. "மாமா, பிளேட் வகைதான் திறம் எண்டு கராஜில சொல்லுகினம்" என்றான். அதே காரில்தான் என் அக்கா வாரந்தோறும் வைத்தியசாலைக்குப் போய்வருகிறார் என்பதையும் சேர்த்தே நான் யோசிக்கவேண்டியிருந்தது.

பிளேட் வகை வலுவானதுதான். ஒரு சில்லு நிலத்தைவிட்டு எழும்பினாலும், தட்டுகளுக்கு முன்கூட்டியே கொடுத்த அழுத்தத்தினால் மற்றச் சில்லுக்கு விசை செல்லும். ஆனால் தட்டுகள் தேயும், பிரித்துப் புதுப்பிக்கவேண்டும், எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும். மெதுவாகத் திரும்பினால் சத்தமிடும், ஸ்டியரிங்கையும் இழுக்கும்.

சாய்பற்சில்லுகளைக் கொண்ட ஹெலிக்கல் வகை மென்மையானது. 1995 இல் வந்த இன்டெக்ரா டைப் ஆர், 2002 இல் வந்த ஃபோர்ட் ஃபோகஸ் ஆர்.எஸ். ஆகிய வீதிக் கார்கள் அவ்வகையையே கொண்டிருந்தன. பிடிப்புக் குறைந்த சில்லு தாங்கும் விசையின் சில மடங்கை அது மறுசில்லுக்கு அனுப்பும். சில்லு முற்றாக எழும்பினால் மட்டும் அது உதவாது. பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியந்தானே!

ஹெலிக்கலையே தெரிவுசெய் என்றேன். டிபரன்ஷல் கியர்பெட்டிக்குள் இருப்பதால் அதனைக் கழற்றியே பொருத்தவேண்டும். பெயரிங்குகளையும் அப்போதே மாற்றிவிடுவது புத்தி. அதற்கும் முன்னால் நல்ல டயர் நான்கு வாங்கவேண்டும். றம்பொடைப் பாதையில் மழையில் இறங்கும்போது எந்த எல்.எஸ்.டி.யும் பிரேக் தூரத்தைக் குறைத்துத் தராது. போட்டி வருடத்தில் ஓரிரு நாள். வைத்தியசாலைப் பயணமோ 52 நாள். பெரிய கணக்கிற்கு ஏற்றதையே வாங்கவேண்டும்.