61-வது வீடு

"தம்பி, இதையெல்லாம் எழுதி என்ன பண்ணப் போறீங்க? வீட்டை இடிக்கவா?"

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருவில், கையில் கேள்வித்தாளோடு நின்ற எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு இதுதான். எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷ புராஜெக்ட். காலையில் பறவைகளை எண்ண வேண்டும். சாயந்திரம் சுற்றியுள்ள வீடுகளில் போய்ப் பேச வேண்டும். பறவைகள் எவ்வளவோ தேவலை, 'நீ எந்த டிபார்ட்மென்ட் ஆளு?' என்று கேட்டதே இல்லை.

அதற்காக எண்ணுவது ஈஸி என்று நினைத்துவிடாதீர்கள். காலை ஆறு மணி, எட்டு இடங்கள், இடத்துக்குப் பத்து நிமிஷம். நானும் நண்பனும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக எண்ணிக் கடைசியில் ஒப்பிடுவோம். முதல் நாள் நாமக்கோழிக் கூட்டத்தில் எனக்கு 210, அவனுக்கு 140! அப்புறம்தான் பத்துப் பத்தாகக் கண்ணால் பிரித்து எண்ணக் கற்றோம். கூழைக்கடா மட்டும் பிரச்னை தராது. அந்த அலகை யார் தவறவிட முடியும்?

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு இது என்கிறார்கள். குப்பைமேடு, சாலை, ஐ.டி. கட்டடம் என்று ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தது போக, மிச்சத்தில் ஒரு பகுதியை 2007-ல் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-ல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. தென்சென்னைப் புறநகர் ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும்.

நாங்கள் நட்டிருந்த அளவுகோலில், மழை விட்டுப் பத்து நாளாகியும் தண்ணீர் இறங்கவே இல்லை. எனக்கு ஒரே குஷி. 'சதுப்பு நிலம் நீரை நன்றாகத் தேக்குகிறது' என்று நோட்டில் எழுதியும் விட்டேன்.

பயோடெக் படிக்கும் என் ஸ்கூல் தோழி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "மச்சி, எங்க லேப்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்க பண்ற தப்பு இது!"

அவள் வேலை ஆட்டோஃபேஜி. செல் தன் பழுதான பாகங்களை இரட்டைச் சவ்வுப் பையில் கட்டி, லைசோசோமுக்கு அனுப்பிச் செரிப்பது. பட்டினி போட்ட ஈஸ்ட்டில் இதைக் கண்ணால் பார்த்து, அதன் மரபணுக்களையும் கண்டுபிடித்த ஜப்பானியர் ஓசுமிக்கு 2016-ல் நோபல் கிடைத்தது. மைக்ராஸ்கோப்பில் அந்தப் பைகள் புள்ளிகளாக மின்னும். புள்ளி கூடினால் வேலை கூடியது என்றுதானே நினைப்போம்? "கிடையாது. பை நிறைய உருவாகியிருக்கலாம். இல்லன்னா, செரிக்கிற இடத்துல அடைப்பா இருக்கலாம். வெறும் எண்ணிக்கையை வெச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது" என்றாள். அதனால் பாதி செல்களுக்கு பாஃபிலோமைசின் கொடுத்துக் கடைசிப் படியை வேண்டுமென்றே தடுப்பார்களாம். புள்ளி இன்னும் கூடினால், அதுவரை ஓட்டம் இருந்தது என்று அர்த்தம். கூடாவிட்டால், ஏற்கெனவே அடைப்பு இருந்திருக்கலாம்.

நாங்கள் மடுவை அடைத்தெல்லாம் பார்க்க முடியாது, ஊரே மூழ்கிவிடும்! ஒரு எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு, பத்து மீட்டர் போக எத்தனை வினாடி என்று பார்க்கக் கிளம்பினோம். பழம் மூன்று மீட்டர்கூடப் போகவில்லை. ஆகாயத்தாமரையில் சிக்கி நின்றுவிட்டது. நோட்டில் எழுதியதை அடித்தேன்.

அதற்கப்புறம் வீடுகளில் கேட்ட கேள்விகளும் மாறின. சுவரில் தண்ணீர் ஏறிய கோடு எங்கே? எத்தனை நாள் நின்றது? ஒரு அம்மா 2015 கோட்டையும், 2023 மிக்ஜாம் புயல் கோட்டையும் விரலால் காட்டிவிட்டு, "உங்க வீடு எங்க தம்பி?" என்றார்.

பக்கத்தில்தான். மூன்று தெரு தள்ளி. அன்று ராத்திரி பழைய சர்வே வரைபடத்தை கூகுள் எர்த் மேல் பொருத்திப் பார்த்தேன். எங்கள் வீடு சதுப்புக் கோட்டுக்கு உள்ளே இருந்தது.

கேள்வி எண் 14: 'வீடு கட்டும் முன் இந்த இடம் எப்படி இருந்தது?' அறுபது வீடுகளில் சிரித்துக்கொண்டே கேட்டதை அப்பாவிடம் கேட்க மூன்று நாள் ஆனது.

"பத்திரம் இருக்கு, பட்டா இருக்கு, பேங்க்ல லோன் குடுத்தான். வேற என்னடா தெரியணும்?" என்று டி.வி. சத்தத்தைக் கூட்டினார். இருபது வருஷ இ.எம்.ஐ. கட்டிய மனுஷன். நான் படிவத்தை மூடிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவரே வந்து உட்கார்ந்தார். "மனை பார்க்க வந்தப்போ கணுக்கால் அளவு தண்ணி நின்னுச்சு. 'நேத்து மழை சார்'னு புரோக்கர் சொன்னான். நானும் சரின்னுட்டேன்."

"எந்த மாசம்ப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சித்திரை" என்றார்.

61-வது படிவத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன்.