மாமரப் பலகையும் மேஜை ரம்பமும்: நான் சொல்லாமல் விட்ட பாதி

போன மாசி மாதம் சேத்தூர் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி என் அலுவலகத்துக்கு வந்தார். தென்னங்கன்று பற்றி விசாரிக்க வந்தவர், கிளம்பும்போது கைப்பேசியை நீட்டினார். திரையில் என் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் மாமரப் பெஞ்சின் படம். விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டதுதான்.

“இது நீங்களே செஞ்சதாமே சார்? என் தோப்புல பட்டுப்போன சப்பட்டை மரம் நாலு நிக்குது. விறகுக்காரர் அடிமாட்டு விலை கேக்காரு. பையனுக்கு மரவேலையில ஆசை. என்ன மிஷின் வாங்கலாம்?”

நான் ஒரு தாளில் ‘மேஜை ரம்பம், 10 அங்குல பிளேடு, 1800 வாட்’ என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. தாளை வாங்கிய கையைப் பார்த்தேன். இரண்டு விரல்களில் மேல்கணு இல்லை. “தட்டை வெட்டுற மிஷின் சார். இருபது வருசம் ஆச்சு” என்று சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் வயலாய்வுக்குப் போனபோது அவர் தோப்புக்கும் போனேன். கொட்டகையில் புது ரம்பம். மகன் உற்சாகமாக ஓட்டிக் காட்டினான். பிளேடின் மேல் இருக்க வேண்டிய மூடி இல்லை. பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடும் இல்லை. இரண்டும் ஒரு பையில் போட்டு ஆணியில் தொங்கின. “வேலைக்கு இடைஞ்சலா இருக்கு சார், கழட்டி வெச்சிட்டேன்” என்றான். பக்கத்தில் அண்ணாச்சி அந்தக் கையோடு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பூச்சிமருந்தின் பெயரையும் அளவையும் சொல்லிவிட்டு, தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதைச் சொல்லாமல் விட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் செய்திருக்கிறேன். அந்த மிச்சப் பாதியை இப்போது எழுதுகிறேன். மரம் வைத்திருக்கும் பலருக்கும் இந்த ஆசை வந்துகொண்டிருப்பதால், அது எல்லோருக்கும் உதவட்டும்.

என் முதல் ரம்பம்

இராஜபாளையத்தில் மலையடிவாரத்தில் எங்கள் அப்பா வைத்த மாந்தோப்பு இருக்கிறது. அதில் ஒரு பெரிய சப்பட்டை மரம் தண்டுத்துளைப்பானால் பட்டுப்போனது. ஊருக்கெல்லாம் துளையில் மருந்து ஊற்றி அடைக்கச் சொல்லும் நான், சொந்த மரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அந்தக் குற்ற உணர்வில்தான் அதை விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அறுவை மில்லில் ஒன்றேகால் அங்குலப் பலகைகளாக அறுத்து வாங்கி வந்தேன்.

ரம்பத்துக்கு அதிகம் செலவழிக்கவில்லை. இங்கே தச்சு வேலைக்காரர்கள் பலர் செய்வதைத்தான் செய்தேன். 7 அங்குலக் கைரம்ப இயந்திரத்தை ஒரு பிளைவுட் மேஜைக்கு அடியில் தலைகீழாகத் திருகி, பிளேடு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். வழிகாட்டியாக ஒரு சட்டத்தை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மூடி கிடையாது, பின்தகடு கிடையாது. நாலு நாற்காலிச் சட்டம் அறுத்ததும் தைரியம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுக்கான பலகையை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தேன். பாதி அறுத்ததும் ஒரு சத்தம். என்ன நடந்தது என்று தெரிவதற்குள் பலகை என் வயிற்றில் மோதி, பின்சுவரில் போய் விழுந்தது. மூச்சு வரவில்லை. தரையில் உட்கார்ந்து கையைப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. இடது கட்டைவிரல் நகத்தின் நுனி மட்டும் காணவில்லை.

மனைவியிடம் வண்டி நிறுத்தும்போது கைப்பிடி இடித்துவிட்டது என்று சொன்னேன். அவள் கொட்டகைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, “வண்டி அங்கயா நின்னுச்சு?” என்று மட்டும் கேட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கிராமத்தில் தட்டை வெட்டும் இயந்திரத்தின் காப்பு மூடியைக் கழற்றாதீர்கள் என்று அரை மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தேன்.

மரம் ஏன் உதைத்தது?

மேஜை ரம்பத்தில் பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்தி அறுக்கும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும்பி நம்மை நோக்கி வரும். அறுத்த பிளவு நடுவில் மூடிக்கொண்டாலோ, பலகை கோணலாகத் திரும்பினாலோ, அது அந்தப் பின்பற்களில் மாட்டும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,650 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 175 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பலகை நம் பக்கம் பாயும். இதைத்தான் ‘கிக்பேக்’ என்கிறார்கள். பலகை போன வேகத்தில், அதைப் பிடித்திருந்த கை பிளேடின் மேல் போய் விழுவதும் உண்டு.

என் பலகை சரியாகக் காய்ந்திருக்கவில்லை. ஈரம் குறையாத மரத்திலும், வளைந்து வளர்ந்த மரத்திலும் உள்ளே இழுவிசை இருக்கும். அறுக்க அறுக்க இரண்டு பாதியும் விரியும், அல்லது ஒன்றையொன்று நெருக்கும். என்னுடையது நெருக்கியது.

இதைத் தடுக்கத்தான் அந்தப் பின்தகடு இருக்கிறது. கடையில் ‘ரைவிங் நைஃப்’ என்று கேளுங்கள். பிளேடுக்குப் பின்னால், அதை ஒட்டி, அதன் வளைவிலேயே நிற்கும் பல்லில்லாத தகடு அது. பிளேடை ஏற்றினால் கூடவே ஏறும், இறக்கினால் இறங்கும். பிளவு மூடாமல் அது நடுவில் நின்றுகொள்ளும். அண்ணாச்சி மகன் ஆணியில் மாட்டி வைத்திருந்தது இதைத்தான்.

வாங்கும்போது எதை முதலில் பார்ப்பது?

எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை வாட், எத்தனை எச்.பி. என்று. நானும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். வரிசை அதுவல்ல.

முதலில் பின்தகடு. அது இல்லாத இயந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். லேத் பட்டறையில் செய்து தரும் மேஜை ரம்பம் உறுதியாக இருக்கும். மோட்டாரும் பெரிதாக இருக்கும். ஆனால் பின்தகடும் மூடியும் பொருத்தித் தருவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது ‘ஃபென்ஸ்’, அதாவது பலகையை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டம். அது பிளேடுக்கு இணையாக நிற்க வேண்டும். சோதிப்பது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடில் ஒரு பல்லுக்கு அடையாளம் வையுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது அதற்கும் ஃபென்ஸுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிளேடைக் கையால் திருப்பி, அதே பல் பின்னால் வந்ததும் மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் தூரம் குறைந்தால் பலகை நெருக்கப்பட்டு உதைக்கும். ஃபென்ஸை நகர்த்தி நகர்த்தி மூன்று முறை பூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நேராக நின்றால் வாங்கலாம்.

மூன்றாவதாகத்தான் மோட்டார். பொழுதுபோக்குக்கு நாற்காலி, பெஞ்சு செய்பவருக்கு 1500 முதல் 2000 வாட் போதும். போஷ், டிவால்ட் போன்ற நிறுவனங்களின் 10 அங்குல இயந்திரங்கள் இந்த அளவில்தான் இருக்கின்றன. வீட்டு ஒருமுனை இணைப்பிலேயே ஓடும். 1800 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக்கும் எர்த்தும் வேண்டும். மெல்லிய ஒயரில் நீளமாக இழுத்து ஓட்டினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும். பம்புசெட் இலவச மின்சாரத்தில் ரம்பம் ஓட்டுவது விதிமீறல். அந்த இணைப்பு விவசாயப் பயன்பாட்டுக்குத்தான்.

இன்னொன்று. மேஜை ரம்பம் உருண்டை மரம் அறுக்க அல்ல. 10 அங்குல பிளேடு மேஜைக்கு மேலே சுமார் 3 அங்குலம்தான் நீட்டும். கிளையை அப்படியே வைத்தால் உருண்டு கையை இழுத்துவிடும். அடிமரத்தை அறுவை மில்லில் பலகையாக்கி, ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் இழைத்து நேராக்கிய பிறகுதான் இந்த மேஜைக்குக் கொண்டுவர வேண்டும்.

மரத்தைத் தயார் செய்வது

மாமரத்துக்குத் தேக்குபோல் பூச்சியைத் தாங்கும் வைரம் கிடையாது. வெட்டிப் போட்டு வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும், துளைப்பான் இறங்கும். வெட்டிய சில நாட்களிலேயே பலகையாக்கிவிடுங்கள். நான் 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம் என்று கரைத்து, பலகையில் ஈரம் இருக்கும்போதே தடவினேன். ஈரம் இருந்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். முனைகள் வெடிக்காமலிருக்கப் பெயிண்ட் பூசினேன். பிறகு நிழலில், ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரே கனக் குச்சிகள் வைத்து, காற்று போகும்படி அடுக்க வேண்டும்.

ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நான் எட்டு மாதத்தில் அவசரப்பட்டேன். அதன் பலனை மேலே சொல்லிவிட்டேன். நெல் கொள்முதலில் 17 சதவீத ஈரம் என்று பார்க்கிறோமே, மரச்சாமானுக்கு 12 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். மரத்துக்கென்று ஊசி வைத்த ஈரமானி கிடைக்கிறது. ரம்பத்துக்கு முன்னால் அதை வாங்கியிருக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறது.

தேக்கு, ஈட்டி, சந்தனம் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி பெறாமல் வெட்டாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் மலையடிவாரத் தோப்பு என்றால் பக்கத்தில் புலிகள் காப்பகம். எந்த மரமானாலும் முதலில் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த கட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தலைகீழ் ரம்பத்தைக் கழற்றிவிட்டு, பின்தகடும் மூடியும் உள்ள 10 அங்குல இயந்திரம் வாங்கினேன். ஆறு மாதத்தில் அதிலும் ஒரு குறை. அறுத்த இடம் கருகியது. 3 எச்.பி. இயந்திரத்துக்கு மாறலாமா என்று பழக்கமான ஆசாரி ஒருவரிடம் கேட்டேன். அவர் பிளேடைத் தடவிப் பார்த்துவிட்டு, “மிஷினை விடுங்க சார், பல்லை மாத்துங்க” என்றார்.

இயந்திரத்தோடு வந்த 60 பல் பிளேடிலேயே எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டிருந்தேன். நீளவாக்கில் அறுக்க 24 பல் போதும். தூள் சீக்கிரம் வெளியேறும், மோட்டார் திணறாது. குறுக்கே அறுக்க 60 பல். இரண்டுக்கும் ஒன்றே வேண்டுமென்றால் 40 பல். பல்லில் படிந்த பிசினை வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுக் கழுவினாலே பாதிக் கருகல் போய்விடும். பிளேடு மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பின்தகடு பிளேடின் உடல்கனத்தைவிடத் தடித்தும், பல் அறுக்கும் பிளவைவிடச் சற்று மெலிந்தும் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு செலவில்லாமல் செய்தவை இரண்டு. மேஜைக்குப் பின்னால் அதே உயரத்தில் இன்னொரு மேஜை போட்டேன். நீளப் பலகை தொங்காது. மீந்த துண்டில் இரண்டு தள்ளுகட்டைகள் செய்தேன். பிளேடுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கை போகாது, கட்டைதான் போகும். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்பதில்லை, சற்று ஒதுங்கியே நிற்கிறேன். கையுறை போடுவதில்லை, அது பல்லில் மாட்டி விரலை இழுக்கும். தோளில் துண்டும் கூடாது.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்ற இயற்பியல் படித்த வழக்கறிஞர், பொழுதுபோக்காக மரவேலை செய்தவர், 1999-ல் ஓர் ஏற்பாடு கண்டுபிடித்தார். விரல் பட்டதும் மின்குறிப்பு மாறுவதை உணர்ந்து, ஒரு நொடியில் 200-ல் ஒரு பங்கு நேரத்தில் பிளேடை நிறுத்தும் பிரேக் அது. தன் விரலையே வைத்துச் சோதித்தும் காட்டினார். ‘சாஸ்டாப்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் விலை அதிகம். ஒருமுறை நின்றால் பிரேக்கைப் புதிதாக மாற்ற வேண்டும், பிளேடும் பெரும்பாலும் போய்விடும். ஈரமரம் பட்டாலும் நின்றுவிடும். நமக்கு இப்போதைக்குக் காவல் பின்தகடும் மூடியும் தள்ளுகட்டையும்தான்.

நம் நாட்டில் மின்சாரக் கதிரடிப்பான்களில் கை இழந்தவர்களுக்காக 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டமே வந்தது. ஆனால் நம் கொட்டகையில் நாமே கழற்றி ஆணியில் மாட்டும் மூடியைத் திரும்பப் போட எந்தச் சட்டமும் வராது.

போன மாதம் மறுபடி சேத்தூர் போனேன். நான் வாங்கிப் போன தள்ளுகட்டையைக் கொடுத்து, என் வயிற்றில் பலகை விழுந்த கதையை மகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் பையை எடுத்தான். ஸ்பேனர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சியே அதைக் கொண்டுவந்து கொடுத்தார். “அன்னைக்கு எனக்கும் யாராவது சொல்லியிருக்கலாம் சார்” என்றார்.

ரம்பம் பற்றிக் கேட்டு எழுதும் வாசகர்கள், வாங்கப்போகும் இயந்திரத்தின் பெயரோடு அதில் பின்தகடு இருக்கிறதா என்பதையும், பலகை அறுத்து எத்தனை மாதம் ஆனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த முறை முழுப் பதில் சொல்கிறேன்.