நீங்க எந்த டீம்?

போன ஞாயிற்றுக்கிழமை குத்தம்பாக்கத்தில் அக்கா பையனின் ஃபுட்பால் மேட்ச். மைதானத்தில் கால் வைத்ததுமே ஒரு பெரியவர், "தம்பி, நீங்க எந்த டீம்?" என்றார். என் தொப்பையைப் பார்த்த பிறகும் அப்படிக் கேட்ட அந்த நல்ல மனசு வாழ்க!

மேட்ச் முடிந்ததும், செல்போனில் எடுத்த படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினான் பையன்.

"யார் எந்த டீம்னு கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சிடும் மாமா!"

"எப்படிடா?"

"முதல்ல ஒவ்வொரு ஆளையும் தேடிப் பிடிச்சுச் சுத்திக் கட்டம் போடும். கட்டத்துக்குள்ளே தரையோட கலரைக் கழிச்சிட்டு, மிச்சமிருக்கிற சட்டைக் கலரை வெச்சு ரெண்டாப் பிரிக்கும்."

"ரெஃப்ரி? கோல்கீப்பர்?"

"எதிலேயும் சேராம தனியா நிப்பாங்க."

பி.காம். மூளைக்குப் பளிச்சென்று புரிந்தது. சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆஃப்சைடு பார்க்க 12 கேமராக்கள். ஒவ்வோர் ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளிகளை செகண்டுக்கு 50 தடவை கவனித்தனவாம். ஆனால் 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸில், பந்தைத் தானே துரத்தும் கேமரா ஒன்று, லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையைப் பந்தென்று நம்பி மறுபடி மறுபடி அதையே காட்டியது!

நம்ம மேட்சில்? இரண்டு பக்கமும் பாதிப் பேர் மஞ்சள் கிரிக்கெட் சட்டை. அக்கா பையனை எதிர் டீமில் தள்ளிவிட்டது கம்ப்யூட்டர்.

"அப்போ நான் போட்டது சேம்சைடு கோலா மாமா?"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. நான் வளர்ந்த ஊரில் டீம் பிரிக்கச் சட்டையைப் பார்க்க மாட்டார்கள், "எந்தத் தெரு?" என்பார்கள். என்னைவிட நன்றாக ஆடும் வகுப்புத் தோழனுக்கு, கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடும் வேலைதான். நான் உள்ளே ஆடினேன். ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை.

குத்தம்பாக்கத்தில் 1996இல் பஞ்சாயத்துத் தலைவரானவர் இளங்கோ. கெமிக்கல் இன்ஜினீயர். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம் என்று இரட்டை வீடுகள் எழக் காரணமானவர். அந்த ஊர்ப் பெரியவர் "எந்த டீம்?" என்று மட்டும் கேட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடுத்த வாரம் டீமுக்கு ஒரு கலர் சட்டை போட்டுட்டா கம்ப்யூட்டர் திருந்திடும் மாமா" என்றான் பையன்.

திருந்திவிடும். அதற்குச் சட்டையை மாற்றினால் போதும்.