முப்பது வயது மாணாக்கர்



"இந்த வயதில் இனி என்ன கற்பது, ஐயா? பிள்ளைகள் சிரிப்பார்கள்" என்று நம் சபையார் பலர் சொல்லக் கேட்கிறேன். வீணையாகட்டும், கணினியாகட்டும், அவர்களைத் தடுப்பது வயதன்று, நாணமே.

சாந்தோமிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே செல்கையில் வீரமாமுனிவர் சிலையைக் கண்டிருப்பீர்கள். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்டது. இத்தாலியரான அவர் 1710-இல் இந்தியா வந்தபோது வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. தமிழ் கற்றது அதன்பின்னரே.

அக்காலத்து ஓலைச்சுவடியை எண்ணிப் பாருங்கள். குறிலாகிய எகர ஒகரங்களுக்குப் புள்ளி இடுவது இலக்கண மரபு. ஓலை கிழியுமென்று எழுதுவோர் அதை விட்டுவிடுவர். ஆகவே 'பெறு' என்பதும் 'பேறு' என்பதும் ஒரே வடிவில் நிற்கும். தமிழிலேயே பிறந்தவர் இடம் நோக்கி வாசித்துக் கடந்துவிடுவார். புதிதாய்க் கற்கிறவரோ அங்கே இடறி நிற்பார். அப்படி இடறிய ஒருவர் நமக்குத் தந்ததே நெடிலுக்குரிய இரட்டைச் சுழிக் கொம்பு.

1726-இல் 3,615 பாடல்களில் தேம்பாவணியை முடித்தார். செய்யுளாய் மனனம் செய்யவேண்டியிருந்த நிகண்டுகளுக்கு மாற்றாக, அகரவரிசையில் தேடத்தக்க சதுரகராதியை 1732-இல் அளித்தார். அதுவும் சிறுவயதில் மனனம் செய்யாதவனுக்கே முதலில் தேவைப்படும் நூல் அல்லவா? ஆயினும் காவியத்தைக் காட்டிலும் அச்சிறு சுழியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்று திருமறையைத் திறக்கும்போது சற்று உற்று நோக்குங்கள். 'தேவன்' என்னும் சொல்லில் அது இருக்கிறது. 'இயேசு' என்பதிலும் இருக்கிறது.