ஆம், தெளிவாக

கொஸ்லந்த பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மக்கள் போய்வரும் ஒரு சிகிச்சை நிலையம் எப்படி நடக்கிறது என்று நோயாளர்களிடம் கேட்டு எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆசிரியன், தமிழும் சிங்களமும் தெரிந்தவன் என்பதால் தந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த படிவங்களில் பெரும்பகுதி பொய். நிலையத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. குற்றம் பேனா பிடித்த என் கையினுடையது.

கேள்விகள் எளியவைதான். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், இடம் சுத்தமாக இருந்ததா, டொக்டர் மரியாதையாகப் பேசினாரா, மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று விளக்கினார்களா. நான் உட்கார்ந்து கேட்ட இடம்தான் முதல் பிழை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்கள். பால் தேத்தண்ணியும் வந்தது. கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்து விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற பெண்கள், மருந்தை வாங்கித் திரும்பும்போது என் முன்னால் வந்து நின்றார்கள்.

"எப்படிப் பாக்குறாங்க?"

"நல்லாத்தான் பாக்குறாங்க, மாஸ்டர்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு அது கேட்கும். அடுத்த மாதமும் அதே ஜன்னலில்தான் அந்தப் பெண் கை நீட்ட வேண்டும். வேறு என்ன சொல்வாள்? எனக்கு இது தெரியாமல் இல்லை. நானும் தோட்ட லயத்தில் பிறந்தவன். கூட்டம் சேரச் சேரக் கேள்விகளை வாசிப்பதையும் நிறுத்திவிட்டேன். பெயரையும் வயதையும் மட்டும் கேட்டு, மிச்சத்தை நானே நிரப்பினேன். எல்லாருக்கும் நல்ல தரமே போட்டேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டவர்களிடம் ஒரு காரணம் சொல்லிவந்தேன். குறை எழுதினால் இருக்கிற டொக்டரும் மாற்றம் வாங்கிப் போய்விடுவார், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் நாட்டை விட்டே போகிற காலத்தில் இந்த மலைக்கு இன்னொருவர் வருவாரா என்று. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் படிவத்தில் எழுதியபோது அது என் மனதில் இருக்கவில்லை. என் அம்மாவை அங்கே கூட்டிப்போனால் வரிசையில் நிற்கவிட மாட்டார்கள். டொக்டர் என்னோடு சிங்களத்தில் நின்று பேசுவார், மருந்தை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்குவார். எனக்குக் கிடைத்த வைத்தியத்தைத்தான் எல்லாருக்கும் கிடைத்ததாக எழுதினேன். அந்தக் கதிரையை இழக்க எனக்கு மனமில்லை. உண்மையான காரணம் இதுதான்.

சில மாதம் கழித்து, எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கும் ஒரு பெரியம்மாவுக்கு வலது கை, கால் இழுத்துக்கொண்டது. பார்க்கப் போனேன். குசினித் தட்டிலிருந்து மருமகள் ஒரு பால்மா டின்னை இறக்கித் திறந்தாள். உள்ளே சின்னச் சின்னக் காகித உறைகள், மாதம் மாதம் வாங்கிவந்த பிரெஷர் குளிசைகள், பாதிக்குமேல் தொடாமலே. உறைகளின் மேல் இருந்த எழுத்து சிங்களம். பெரியம்மாவுக்கு வாய் கொஞ்சம் கோணியிருந்தாலும் பேச்சு வந்தது.

"தலை சுத்துறப்ப மட்டும் போட்டுக்குவேன், மாஸ்டர். நல்லா இருக்கிறப்ப எதுக்கு?"

தினமும் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். என்னமோ சொன்னாங்க, தலையாட்டிட்டு வந்தேன் என்றார். நான் யாருக்காகப் படிவம் நிரப்பினேனோ அவர்களில் அவரும் ஒருவர். விளக்கினார்களா என்ற கேள்வியில் "ஆம், தெளிவாக" என்பதற்கு நேரே நான் அடையாளம் போட்டிருந்தேன். அந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்கவே இல்லை.

என் பேனாதான் அவருடைய கையை முடக்கியது என்று சொல்லவரவில்லை. அது எனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அன்று கேட்டிருந்தால், மருந்து விளங்காமல் வீடு திரும்புகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று அந்தத் தாளில் பதிவாகியிருக்கும். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழியும் ஆகும் என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அது மருந்து உறை வரைக்கும் வந்துசேரவில்லை என்பதைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. தவறவிட்டேன்.

வைத்தியத்தின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966 இல் அவேடிஸ் டொனபேடியன் எழுதிய கட்டுரையைப் பிறகுதான் வாசித்தேன். கட்டடமும் கருவியும் ஆட்களும் ஒன்று, நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறை இன்னொன்று, கடைசியில் அவருக்கு என்ன ஆனது என்பது மூன்றாவது என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். நான் வாங்குகளையும் கழிவறையையும் பார்த்து முதலாவதை எழுதினேன், இரண்டாவதைப் புனைந்தேன். மூன்றாவது அந்த டின்னுக்குள் கிடந்தது.

தோட்டத்து ஆட்கள் குறை சொல்வதில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1948 இல் பிரஜாவுரிமை பறிபோய், 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் மிஞ்சியிருந்தவர்களுக்கும் அது திரும்பிய சமூகம் இது. நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றிப் போன கதை இல்லாத லயம் இல்லை. கிளினிக்குக்குப் போனால் அன்றைய வேலைக்குப் பேர் இல்லை. நாட்சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அப்படி நிற்கிறவர் "நல்லாத்தான்" என்று சொன்னால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டிக் கேட்பதுதான் என் வேலையாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதே கொஸ்லந்த பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. தாள் உண்மை சொல்லியும் கேட்க ஆளில்லை என்று ஊரெல்லாம் கொதித்தது, கூட்டங்களில் நானும் கத்தினேன். அதே நான், என் முறை வந்தபோது, உண்மை சொல்லாத தாள்களைக் கட்டிக் கொடுத்தேன்.

இப்போது வேலை முடிந்து ஆட்கள் வீடு வந்த பிறகு லயத்துக்கே போகிறேன். இது எதற்கான குளிசை, எப்போதெல்லாம் போட வேண்டும், என்ன வந்தால் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். வாசலில் உட்கார்ந்து கேட்டால் பேசுகிறார்கள், கோபமாகவும் பேசுகிறார்கள். சொல்வதை அப்படியே எழுதுகிறேன். படிவங்களை வாங்கிக்கொண்டவர்களுக்கும் கடிதம் எழுதிவிட்டேன்: என் கையெழுத்துள்ள தாள்கள் எதையும் கணக்கில் சேர்க்க வேண்டாம், சேர்த்து அறிக்கை வெளியாகியிருந்தால் அதைத் திருத்துங்கள், தேவைப்பட்டால் என் பெயரைப் போட்டே காரணத்தையும் சொல்லுங்கள் என்று.